அளந்து பார்த்த பின் மாற்றுவோம்

கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், முகப்பில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியதும் சொந்தக்காரரின் மனத்தில் எழும் கலக்கத்தையும், அந்தக் கலக்கம் தீருமுன்பே ஒன்றுக்கு இரண்டாகச் சாமான்களை மாற்றிவிடும் வழக்கத்தையும் அறியாதவர் சிலரே. அண்மையில் எனக்கும் அந்த அனுபவம் நேர்ந்தது. பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தவர், பி0135 என்ற குறியீட்டைக் கண்ட மாத்திரத்தில், ஆக்ஸிஜன் சென்சாரோடு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் சேர்த்து மாற்றிவிடுவதே உத்தமம் என்றார். காரணம் கேட்டேன், தெளிவான விடை கிடைக்காமற்போகவே, வண்டியை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு கிலோ பெட்ரோல் பூரணமாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதம் பிசகாமல் இருக்கிறதா என்பதை, புகையில் எஞ்சிய பிராணவாயுவைக் கொண்டு அறிந்து எஞ்சினின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிப்பதே சென்சாரின் தொழில். அதிலுள்ள ஸிர்கோனியாப் பீங்கானின் ஒரு புறம் வெளிக்காற்றும் மறு புறம் புகையும் படும்போது, பெட்ரோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட்டும் குறைந்தால் சுமார் 0.1 வோல்ட்டும் உண்டாகும். ஏறத்தாழ 300 டிகிரி உஷ்ணம் ஏறினாலொழிய அது வேலை செய்யாது. ஆகையால் உள்ளே சிறியதொரு ஹீட்டரும் உண்டு. பி0135 என்பதற்கு அந்த ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு என்பதற்கு மேல் பொருளில்லை. சுற்று என்றால் ஃபியூஸ், ஒயர், கனெக்டர், சென்சார் என்று நான்கும் அதில் அடங்கும்.

எஞ்சின் குளிர்ந்திருந்த காலை வேளையில் ஃபியூஸைப் பார்த்தேன், பழுதில்லை. கனெக்டரைக் கழற்றிச் சாவியைத் திருப்பியதும் வண்டிப் பக்கத்து முனையில் 12 வோல்ட் வந்தது. பிறகு, சென்சாரிலிருந்து வரும் நான்கு ஒயர்களில் ஹீட்டருக்குரிய இரு வெள்ளை ஒயர்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தேன். சில ஓம்கள் காட்ட வேண்டிய மீட்டர், உள்ளே தொடர்பே அற்றுவிட்டதாகக் காட்டிற்று. சென்சாரே பழுது என்பதில் ஐயம் தீர்ந்தது. கன்வர்ட்டர்மீதோ யாதொரு சாட்சியமும் இல்லை.

அன்றிரவு மரையில் துரு இளக்கும் எண்ணெயை ஊறவிட்டு, மறுநாள் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒயர் நுழைவதற்காகப் பக்கவாட்டில் பிளவுள்ள 22 மி.மீ. சாக்கெட்டால் பலங்கொண்ட மட்டும் திருகியபோது, கிரீச்சென்ற ஓசையுடன் பழைய சென்சார் இளகிற்று. அதன் முனை சுத்தமான சாம்பல் நிறத்தில் இருந்தது. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதியென்றும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் எரிகிறதென்றும் கொண்டு, நோயின் மூலத்தை வேறிடத்தில் தேடியிருக்க வேண்டும். அதே பாக எண்ணுள்ள புதியதை முனையில் கைபடாமல் எடுத்து, முதல் சுற்றுகளைக் கையாலேயே ஏற்றி, பிறகு இறுக்கினேன். குறியீட்டை அழித்ததும் அணைந்த விளக்கு மீண்டும் எரியவில்லை. இதைச் செய்ய விரும்புவோர் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லலாகாது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடவும் கூடாது.

பட்டறைத் தொழிலாளரைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர்களுக்கே பல வாசல்கள் அடைபட்டிருந்தன. சோதனைக் கருவிகளும் உதிரிபாகங்களும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்காதபடி தடுத்ததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது என்பதை நாம் மறக்கலாகாது. வாகனத்தை விற்கும் நிறுவனம் அதன் ஒயரிங் படத்தையும், எந்த முனையில் எவ்வளவு ஓம், எவ்வளவு வோல்ட் இருக்க வேண்டும் என்ற விவரத்தையும் வாங்கியவருக்குத் தருவதே நியாயம். பட்டறையும் ஒரு பாகத்தை மாற்றுமுன், கண்ட குறியீட்டையும் அளந்த அளவையும் பில்லிலேயே எழுதித் தர வேண்டும்.

இது பணத்தைப் பற்றிய விஷயம் மாத்திரமன்று. சென்சார் பழுதானால் பெட்ரோல் விரயமாகிறது. மிகுதியான பெட்ரோல் கன்வர்ட்டரையும் கெடுக்கிறது. புகையின் நச்சோ பொதுக்காற்றில் கலக்கிறது. பஸ் நிறுத்தத்தில் குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கும் தாய்க்குக் கார் கிடையாது. ஆனாலும் நம் காரின் புகையை அவளும் சுவாசிக்கிறாள். ஆதலின் மஞ்சள் விளக்கை மாதக்கணக்கில் பாராமலிருப்பதும் தவறு; அளக்காமல் மாற்றுவதும் தவறு.