கனவைத் திருத்தி எழுதலாம்

"இவனை ஏரவாடாவுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று புனேக்காரர் கேலி செய்தால், வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது காந்தி இருந்த சிறை. புனேக்காரர் சொல்வது அதை அல்ல. அதே வட்டாரத்தில் இருக்கும் மனநல மருத்துவமனையை. 2,540 படுக்கைகளுக்கு அனுமதி பெற்றது. மகாராஷ்டிர அரசின் மனநல மருத்துவமனைகளில் பெரியது. சென்னைக்காரர்களின் வாயில் கீழ்ப்பாக்கம் படும் பாட்டை அங்கே ஏரவாடா படுகிறது.

கேலிக்கு விலை உண்டு. வாரத்தில் நான்கு நாள் அலறிக்கொண்டு எழுந்திருப்பவர் சர்க்கரையை, முட்டிவலியை எல்லாம் டாக்டரிடம் சொல்வார். கனவை மட்டும் சொல்ல மாட்டார். சொன்னால் எங்கே அனுப்பிவிடுவார்களோ! டாக்டரும் கேட்பதில்லை. கடைசியில் கனவு ஜோசியரிடம் போய்ச் சேர்கிறது.

அங்கே கெட்ட கனவென்றால் பலித்தே தீரும். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கனவும் பலித்தது, கோப்பெருந்தேவியின் கனவும் பலித்தது. காப்பியத்துக்கு அது தேவை. (குளத்தில் மூழ்கி, காமவேளைத் தொழுதால் சரியாகும் என்று தேவந்தி சொன்ன பரிகாரத்தைக் கண்ணகி மறுத்துவிட்டாள் என்பது மட்டும் யாருக்கும் நினைவிருப்பதில்லை.) தூங்குகிறவர் விஷயம் வேறு. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று தூக்கத்தில் வருகிறது. சிகாகோ ஆய்வாளர்கள் இதை 1953-ல் வெளியிட்டார்கள். விடியலை நெருங்க நெருங்க அது நீள்கிறது. நினைவில் நிற்கும் கனவுகளும் அப்போதுதான் அதிகம். விடியற்காலைக் கனவுக்கு நம் ஊரில் தனி மதிப்பு வந்தது இதனால்கூட இருக்கலாம். அந்தக் கட்டத்தில் கை கால் தசைகள் கட்டுண்டு கிடக்கும். கட்டு அவிழும் முன் விழிப்புத் தட்டினால், மார்பின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும். அமுக்குவான் பேய் அதுதான்.

எப்போதோ வரும் கெட்ட கனவுக்கு வைத்தியம் வேண்டாம். படுக்கவே பயம் என்றாகிவிட்டால் வேண்டும். முதலில் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் புரொப்ரனலால், ஆஸ்துமாவுக்குத் தரும் மான்டிலூகாஸ்ட் இரண்டுமே சிலருக்குக் கெட்ட கனவைக் கொண்டுவரும். தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். குடியை விட்ட புதிதிலும் கனவுகள் மொய்க்கும்.

விபத்து, அடிதடி, பலாத்காரம் இவற்றுக்குப் பிறகு வருபவைதான் பிடிவாதமான கனவுகள். அவற்றுக்கான சிகிச்சை எளிமையானது. பகலில் உட்கார்ந்து கனவை எழுத வேண்டும். பிறகு இஷ்டப்படி மாற்ற வேண்டும். துரத்துகிறவன் தடுக்கி விழட்டும், பூட்டிய கதவு திறக்கட்டும். மாற்றிய கதையை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் மிகக் கொடூரமான கனவில் ஆரம்பிக்கக் கூடாது. சின்னதில் கைபழக வேண்டும். பழைய காயம் ஆழமாக இருந்தால் மனநல நிபுணர் பக்கத்தில் இருப்பது நல்லது. பேரி கிராக்கோவும் சகாக்களும் அமெரிக்காவில் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இந்த முறையைச் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குக் கனவுகள் குறைந்தன, தூக்கமும் சீரானது. மாத்திரைக்கு அவ்வளவு நிச்சயமில்லை. பிரசோசின் என்ற ரத்த அழுத்த மருந்தைப் பெரிதாக நம்பியிருந்தார்கள். முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்து 2018-ல் வெளியான பெரிய சோதனையில் அது வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை.

எழுதுவதற்கு ஏரவாடாவில் படுக்கை எதுவும் தேவையில்லை, வெளிநோயாளியாகப் போய் வந்தால் போதும். அதற்கும் கூச்சப்படுகிறவர்களுக்காக மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய தொலைபேசி எண் இருக்கிறது: 14416. இரவிலும் எடுப்பார்கள். கட்டணமில்லை. தமிழிலும் பேசலாம், மராத்தியிலும் பேசலாம்.