இசைக்கு உயர்ந்த ஆண்டு யாது?

நம் இசைக்குத் தலைசிறந்த ஆண்டு யாதென மாணவரிடையே வாதம் எழுவதுண்டு. தியாகராசர் பிறந்த 1767 என்பர் ஒரு சாரார். சென்னையில் சங்கீத வித்வத் சபை நிறுவப்பெற்ற 1928 என்பர் மற்றொரு சாரார். யாம் துணிவது, தமிழிசைச் சங்கம் தோன்றிய 1943 என்பதேயாம்.

மேதையர் பிறவாவிடின் சங்கத்தால் யாது பயன் எனின், அஃது ஒக்கும். ஆயினும், பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் தாய்மொழி தமிழாயிருந்தும், தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடையில் துக்கடாவாக நின்றது. 1941இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடும், பின்னர் அண்ணாமலை அரசர் நிறுவிய சங்கமும் அக்குறையைத் தீர்க்க முற்பட்டன.

இது பிறமொழிப் பகையோவெனின், அன்று. எம் திருத்தணிகை மலையை நோக்குமின். அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தலத்தைத் தமிழாற் பாடினார். முத்துசாமி தீட்சிதரின் முதற் கீர்த்தனை இங்கேயே வடமொழியிற் பிறந்ததென்பது மரபு. மலை இரண்டினையும் ஒப்ப ஏற்றது. அரங்கமே ஒன்றினைக் கடையில் நிறுத்திற்று.

கேட்போன் பொருளுணர்ந்து உருகும் உரிமையைக் கேட்டுப் பெற்ற ஆண்டே உயர்ந்த ஆண்டு. தோழர்காள், நம் கல்லூரி விழாவிலேனும் தமிழ்ப் பாட்டு முதற்கண் ஒலிப்பதாக!