சேறும் ஸ்நானமும்

ஐப்பசி மாதத்து அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலையில், சென்னைக்கு அருகே வசிக்கும் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். வாசற்கதவைத் திறந்ததும் எதிரே ஒரு விசித்திரப் பிராணி நின்றது. உடல் முழுவதும் களிமண் நிறம்; நிமிர்ந்த இரண்டு காதுகள்; முகத்தில் கண்கள் மட்டும் நீலமாகப் பளபளத்தன. எருமைக் கன்றோ என்று நாம் ஐயுற்று நின்ற வேளையில், அது முன்னங்கால்களைத் தூக்கி நமது மார்பில் வைத்து உபசரித்தது. அப்போதுதான், நண்பர் வீட்டில் இரண்டு வருஷமாக வளரும் ஹஸ்கி நாய் அதுவே என்று தெரிந்தது. நமது வேஷ்டியும் ஜிப்பாவும் அந்தக் கணத்திலேயே அதன் நிறத்தை அடைந்துவிட்டன.

"மன்னிக்க வேண்டும், ஸார்! தென்னம்பாத்தியை மறுபடியும் தோண்டிவிட்டது" என்று ஓடி வந்தார் நண்பரின் மனைவி. பாவம், அவர் முகத்தில் களைப்பு எழுதி ஒட்டியிருந்தது. "வாரத்துக்கு மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறேன். ஆனாலும் நாற்றம் போகவில்லை. இப்போது இடுப்பிலே புண் வேறு. ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம்" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒன்பது வயதுப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று விசும்பும் சத்தம் கேட்டது.

"அம்மா, நாற்றம் போகாததற்கும் புண் வந்ததற்கும் அந்த மூன்று ஸ்நானங்களே காரணமாயிருக்கலாம்" என்று நாம் சொன்னோம். அவர் நம்பவில்லை. தினந்தோறும் நீராடுவதே ஆசாரம் என்று வளர்ந்த நாட்டிலே, குளிப்பதனால் அசுத்தம் வருகிறது என்று ஒருவன் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? ஆயினும் விஷயம் அதுதான்.

ஹஸ்கியின் மேனியில் இரண்டு சட்டைகள் உண்டு. உள்ளே கம்பளியைப் போல் மிருதுவாக அடர்ந்த மயிர். அதன்மேல் நேராகப் படிந்த, சற்று முரட்டுத்தனமான நீண்ட மயிர். உடம்பின் சூட்டைக் காப்பது உள்மயிர். பனியும் ஈரமும் அழுக்கும் அதற்குள் இறங்காமல் காவல் காப்பது வெளிமயிர். தோலிலிருந்து ஊறும் ஒருவித எண்ணெய்ப் பசை இந்த மயிரில் படிந்திருப்பதால், சேறு பெரும்பாலும் மேலோடு நின்றுவிடுகிறது. வாரம் மூன்று முறை சோப்புத் தேய்த்தால் அந்தப் பசை போய்விடும். காவற்காரனை நாமே வேலையை விட்டு நீக்கியதற்கு ஒப்பாகும். மனிதருக்கென்று செய்த சோப்பாயிருந்தால் கேடு இன்னும் அதிகம். நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. அதன் அமிலத் தன்மையும் வேறு.

இந்தச் சட்டையை இயற்கை தைத்துக் கொடுத்த இடம் எது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஆசியாவின் வடகிழக்குக் கோடியில், சைபீரியாவில் வாழும் சுக்சி ஜனங்கள் பனிமேல் வண்டி இழுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜாதி இது. 1909-ல் அலாஸ்காவிலுள்ள நோம் என்னும் ஊரில் நடந்த 408 மைல் பந்தயத்தில் சைபீரிய நாய்கள் முதன் முதலாகக் கலந்துகொண்டபோது, அவற்றின் சிறிய உருவத்தைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். 1925-ல் அதே நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவி, குழந்தைகள் மாண்டு கொண்டிருந்த சமயத்தில், 674 மைல் தூரம் பனிப்புயலினூடே மருந்தைக் கொண்டு சேர்த்தவை சுமார் 150 நாய்கள். ஏறக்குறைய இருபது வண்டிக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாட்களில் அதை முடித்தார்கள். டோகோ, பால்டோ என்ற இரு ஹஸ்கிகளின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றுக்காவது வாரம் மும்முறை வாசனைச் சோப்புத் தேய்த்ததாக நாம் எங்கும் படித்ததில்லை.

பனிதேசத்தில் சேறு ஏது என்று கேட்கலாம். வசந்த காலத்தில் பனி உருகும்போது அலாஸ்காவில் பாதைகளெல்லாம் சேறுதான். இலையுதிர் காலத்தில் பனி விழுமுன் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, சக்கர வண்டியில் பூட்டி மண் பாதையிலேயே ஓட்டுகிறார்கள். ஐம்பது நாய் வைத்திருப்பவன் அத்தனையையும் தினம் குளிப்பாட்டிக் கொண்டிருந்தால் வண்டி ஓட்ட அவனுக்குப் பொழுது ஏது?

ஆகையால், விளையாடிவிட்டுச் சேற்றோடு வரும் ஹஸ்கிக்கு முதற் சிகிச்சை பொறுமைதான். வெறும் மண்ணும் மழைநீருமாயிருந்தால் குழாயடிக்கு இழுத்துச் செல்லாதீர்கள். ஈரச் சேற்றைத் துணியால் தேய்க்கவும் கூடாது. தேய்த்தால் மேலோடு இருக்கும் அழுக்கை உள்மயிருக்குள் நாமே அழுத்தியவர்களாவோம். நன்றாக உதறிக்கொள்ள விட வேண்டும். இந்த உதறலை அற்பமாக எண்ணவேண்டாம். அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் எலி முதல் பல பிராணிகள் உதறுவதை அதிவேகப் படக் கருவியால் படமெடுத்து, 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிராணி சிறிதாக ஆக உதறும் வேகம் கூடுகிறதாம். மயிரிலுள்ள நீரில் பெரும்பகுதி விநாடிக் கணக்கில் போய்விடுகிறதாம். சுவருக்கு வெள்ளையடித்த மறுநாள் இது நடந்தால் அதன் அருமை நமக்குத் தெரியாமற் போகலாம்!

பிறகு காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, சேறு முழுவதும் காயும் வரையில் காத்திருக்க வேண்டும். காய்ந்த மண் தானே உதிரத் தொடங்கும். பல் இடைவெளி அதிகமுள்ள சீப்பாலும், கம்பிப் பிரஷ்ஷாலும் மயிர் படிந்திருக்கும் திசையிலேயே, பகுதி பகுதியாக விலக்கித் தோல் வரையில் வாரினால் மீதியும் வந்துவிடும். வயிற்றின் அடியிலும் தொடையின் பின்புறத்திலும் மயிர் சிக்கிக் கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் அடுத்த முறை சீப்பைக் கண்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடும். கால்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஒரு தகரக் குவளையில் வெதுவெதுப்பான நீர் வைத்துப் பாதங்களை ஒவ்வொன்றாக அலம்பி, விரலிடுக்குகளைத் துடைத்து, அங்கே முள்ளோ உண்ணியோ இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இதற்குப் பழைய வேஷ்டித் துணிக்கு மிஞ்சியது கிடையாது.

நிற்க, எல்லாச் சேறும் ஒரே ஜாதியல்ல. நமது நகரங்களில் மழைநீரோடு சாக்கடையும் கலந்து தெருவில் நிற்கிறது. எலியின் சிறுநீர் கலந்த அந்த நீரிலும் ஈர மண்ணிலும் எலிக்காய்ச்சலின் கிருமி உயிரோடிருக்கும். நாய்க்கும் வரும், தோலில் சிறு கீறல் இருந்தால் அதைக் கழுவுகிறவருக்கும் வரும். அத்தகைய நீரில் புரண்டு வந்த நாயைக் காயவிடாமல் உடனே கழுவ வேண்டும். கழுவுபவர் கையுறை அணிவது அவசியம். நாய்க்கு இந்நோய்க்கான தடுப்பூசி உண்டு. கால்நடை மருத்துவர் சொல்லும் கெடுப்படி போட்டுவிடுவதே விவேகம். தார் ஒட்டியிருந்தால் சிலர் மண்ணெண்ணெயை எடுத்து வருகிறார்கள். அது தோலைப் பொசுக்கும். நாய் நக்கினால் விஷமாகும். தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டால் தார் இளகிவிடும்.

அவ்விதம் குளிப்பாட்ட நேர்ந்தால், நனைப்பதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். நனைந்த சிக்கு கயிறாக இறுகும். வெறும் சேறானால் காய்ந்த பிறகு வாரிவிட்டு நனைக்கலாம்; சாக்கடை நீரானால் கைக்குக் கிடைத்ததைப் பிரித்துவிட்டு உடனே கழுவ வேண்டியதுதான். நாய்க்கென்று செய்த திரவத்தைத் தண்ணீரில் கலந்து இட்டு, நுரை இம்மியும் எஞ்சாமல் அலசுவது முக்கியம். காதுக்குள் நீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. வெளிமயிர் காய்ந்து பளபளக்கும்போது உள்மயிர் இன்னும் ஈரமாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நமது கடற்கரைக் காற்றே ஈரத் துணி போன்றது. தானே காயும் என்று விட்டால் அடுத்த நாளும் காயாது. அந்த ஈரம் தோலை ஊறவைக்கிறது. நாய் நக்குகிறது, கடிக்கிறது. ஓரிரவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து நீர் கசியும் புண்ணாகிவிடுகிறது. அந்த அம்மாள் கண்டு பயந்த புண் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நாற்றமும் அந்த ஈரத்தின் நாற்றமே. துண்டால் ஒற்றி எடுத்து, சூடில்லாத காற்றை ஊதும் கருவியால் மயிரை விலக்கி விலக்கித் தோல் வரையில் உலர்த்த வேண்டும். ஒரு மணி நேரம் போதாது. இதற்குப் பொறுமையில்லாதவர்கள் குளிப்பாட்டாமலிருப்பதே நாய்க்குச் செய்யும் உபகாரம். சாதாரணமாக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்நானம் போதும்.

"அப்படியானால் மயிரை ஒட்ட வெட்டிவிட்டால் என்ன?" என்றார் நண்பர். பலரும் இதைக் கேட்கிறார்கள். சில கடைகளில் செய்தும் விடுகிறார்கள். இரட்டை மயிருள்ள நாயைச் சிரைத்தால் வெயில் நேராகத் தோலில் சுடும். மயிர் முன்போல் வளரும் என்பதும் நிச்சயமில்லை. சிலவற்றுக்குத் திட்டுத் திட்டாகவே முளைக்கும், சிலவற்றுக்கு வெகு காலம் முளைப்பதேயில்லை. புண்ணைச் சுற்றி மருந்திடுவதற்காக மருத்துவர் கத்தரிப்பது வேறு விஷயம்.

ஒன்று மாத்திரம் நண்பரிடம் ஒளிக்காமல் சொன்னோம். நாய் தென்னம்பாத்தியைத் தோண்டுவது துஷ்டத்தனத்தினால் அல்ல. தோண்டுவது அதன் ஜாதிக் குணம். அதிலும் புழுக்கத்தில் அடிமண்ணின் குளிர்ச்சியைத் தேடியே தோண்டுகிறது. உடம்பெல்லாம் வியர்வை விட்டுச் சூடு தணிக்க நாய்க்கு இயலாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதைத்தான் நம்பியிருக்கிறது. நம் ஊரில் அது சேறு பூசிக்கொண்டு நிற்பது ஒரு விண்ணப்பம் என்றே கொள்ளலாம். பொழுது விடியுமுன் உலாவ அழைத்துச் செல்வதும், பகலில் குளிர்ந்த அறையில் வைத்திருப்பதும், தோட்டத்தின் நிழலான மூலையில் ஈர ஆற்று மணல் கொட்டித் தோண்ட இடம் கொடுப்பதும் செய்தால் சேற்றில் பாதி குறையும்.

இந்த நாட்டுக்கு இந்த நாயை வரவழைத்தது சரிதானா என்று கேட்டால், சரியல்ல என்பதே நமது அபிப்பிராயம். குட்டையான மயிருள்ள ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் ஓர் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் வேலை தீர்ந்தது. நமது தபால் இலாகா 2005-ல் ராஜபாளைய நாய்க்குத் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தது. நமது செல்வந்தர்களோ சினிமாவில் ஓநாய் போன்ற நாயைப் பார்த்து மயங்கிப் போகிறார்கள். ஆனால் அது வாங்குமுன் யோசிக்க வேண்டிய யோசனை. இரண்டு வருஷம் சோறு போட்டு, குழந்தையோடு தூங்கவிட்ட பின், சேறு படிந்திருக்கிறது என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை யாரிடமோ தள்ளிவிடுவதற்கு அந்த யோசனை உதவாது. நண்பரிடம் இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே விசும்பல் மட்டும் நின்றது.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் மீண்டும் போனோம். திண்ணையில் அந்தப் பெண் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாயின் முதுகை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளைப் பஞ்சு மூட்டை போல் மயிர் குவிந்திருந்தது. இடுப்புப் புண் ஆறி, அவ்விடத்தில் புதுமயிர் அரும்பியிருந்தது. "நாற்றம் போய்விட்டது, ஸார்" என்று ஒப்புக்கொண்டார் அந்த அம்மாள். "ஆனால் இந்த மயிர் இருக்கிறதே! நேற்று ரசத்தில்கூட இருந்தது." ஹஸ்கி வருஷத்துக்கு இரண்டு முறை உள்மயிரைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கும் என்பதை அப்போது சொல்லலாமா, வேண்டாமா என்று தயங்கினோம். தோட்டத்து மூலையில் வண்டி மணல் ஒழுங்காகக் குவிக்கப்பட்டிருந்தது. தென்னம்பாத்தி புதிதாகத் தோண்டப்பட்டிருந்தது.