தோள் நோவும் முதலாளி தந்த இருநூறு டொலரும்

இரண்டு மாதமாக ஒன்றும் எழுதவில்லை. எங்கே போனாய் என்று கேட்டவர்களுக்கு: எங்கும் போகவில்லை. வலது கையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதையும் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் கோபம் கூடத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் கொத்துரொட்டி போடுகிறேன். பதினொரு வருடம் ஆகிறது. வெள்ளி, சனி இரவுகளில் எண்பது தொண்ணூறு கொத்து. சூடான கல்லு, இரண்டு தகடு, டக டக டக. வெளியில் நிற்கிற சனத்துக்கு அது சங்கீதம், சிலர் கைபேசியில் படமும் பிடிப்பார்கள். அடிக்கிறவனுக்கு ஒவ்வொரு அடியும் தோளுக்குத் திரும்பி வரும். அதோடு இருபது கிலோ அரிசி மூட்டை இறக்குவது, கிடாரத்தில் கறி கிண்டுவது எல்லாம் இருக்கிறது.

போன வருடம் நோ தொடங்கியது. முதலில் இரவில். அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. பிறகு சேட்டைக் கழற்ற முடியாது. பிறகு தகட்டை ஓங்கினால் கண்ணுக்குள் பூச்சி பறக்கும்.

முதலாளி நல்லவர். (இப்படித்தான் எல்லாரும் தொடங்குவோம்.) ஒரு நாள் கல்லாவைத் திறந்து இருநூறு டொலர் எடுத்துத் தந்தார். "தம்பி, என்ர நாரி நோவுக்கு நான் ஒரு கைரோபிரக்ரரிட்டைப் போனனான். ஒரு முறிப்புத்தான், சுகம். நீயும் போய்க் காட்டு. ஜீ.பீயிட்டைப் போய் மினக்கெடாத" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடைசி வசனத்தை நான் அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லை.

போனேன். பெயர்ப்பலகையில் முதல் சொல்லே டொக்டர். இந்த நாட்டில் கைரோபிரக்ரர் என்று தெளிவாகப் போட்டால் அவர்களும் அந்தச் சொல்லைப் பாவிக்கலாம். எங்கள் ஆக்களுக்கு முதல் சொல்லுக்குப் பிறகு ஒன்றும் கண்ணில் படாது. முள்ளந்தண்டு முழுக்க எக்ஸ்றே எடுத்தார். திரையில் சிவப்புக் கோடு கீறி, கழுத்து முன்னால் சரிந்திருக்கிறது, இடுப்பு ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறது, தோள் நோவின் மூலம் அங்கேதான் என்றார். இருபத்துநாலு தடவை வரவேண்டும், முன்கூட்டிக் கட்டினால் கழிவு. ஆயிரத்து முந்நூறு டொலர் கட்டினேன். முதலாளியின் இருநூறு போக மிச்சம் என் காசு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். முதல் சில தடவை சுகமாகத்தான் இருந்தது. அந்த மனுசன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தோளைத் தொட்டுப் பார்த்தார், கால் மணித்தியாலம் என்னோடு கதைத்தார். மெடிகெயார் அட்டை நீட்டிப் பார்க்கிற கிளினிக்கில் ஆறு நிமிடத்தில் பனடோலோடு வெளியே வந்தவனுக்கு அது பெரிய விசயம். நாங்கள் ஏன் போகிறோம் என்று கேட்டால் பாதிப் பதில் இதுதான்.

ஆனால் பதினாலு தடவை போயும் கை முன்னம் உயர்ந்ததைவிட ஒரு அங்குலமும் கூட உயரவில்லை. எப்படி உயரும்? தோள்மூட்டு என்பது தேத்தண்ணிச் சோசரில் வைத்த தோடம்பழம் மாதிரி. குழி ஆழமில்லை. பழம் உருண்டு விழாமல் பிடித்திருப்பது சுற்றியிருக்கிற நாலு தசையும் அவற்றின் நாண்களும்தான். அதில் ஒரு நாண் எலும்புக் கூரை ஒன்றுக்குக் கீழால் ஓடுகிறது. வருடக்கணக்கில் ஓங்கி அடித்தால் அது நைந்து கிழியும். கழுத்தை மளுக்கென்று திருப்பி அதைத் தைக்க முடியாது. கழுத்துத் திருப்பலில் மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அரிது, ஆனால் இருக்கிறது. அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானபீடத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன படிப்பு என்னுடையது. 2006 இல் பாதை பூட்டினதோடு அது முடிந்தது. அரைகுறை என்றாலும் தேடி வாசிக்கிற பழக்கம் போகவில்லை. இந்த வைத்தியம் 1895 இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில் தொடங்கியது. டி. டி. பாமர் என்பவர், அதுவரை காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர், காது கேளாத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைத் தட்டிக் காதைக் கேட்க வைத்தேன் என்றார். செவிநரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போகிற நரம்பு. அது முதுகுப் பக்கமே வருவதில்லை. முதல் நோயாளியும் ஒரு வேலையாள்தான் என்பதை மட்டும் கவனித்து வைத்தேன்.

நாரி நோவுக்கு இந்தக் கைவைத்தியம் ஓரளவு உதவும், மற்றச் சிகிச்சைகள் அளவுக்கு. இல்லை என்று நான் சொல்லவில்லை. தேகப்பயிற்சி சொல்லிக் கொடுத்து நேர்மையாக நடத்துகிற கைரோபிரக்ரர்களும் இருக்கிறார்கள். ஆனால் "அரசாங்கம் பதிஞ்ச ஆக்கள், பிழையாச் செய்வினமே?" என்று ஒரு அண்ணை என்னோடு சண்டைக்கு வந்தார். பதிவுதான், 2010 இலிருந்து நாடு முழுக்க ஒரே பதிவு. அதே சபைதான் 2016 இல், ஆதாரமில்லாமல் காதுக்குத்து, படுக்கையில் சலம் போவதற்கெல்லாம் வைத்தியம் என்று விளம்பரம் செய்யாதே என்று தன் ஆட்களுக்கே அறிவித்தது. 2019 இல் மெல்பேர்ணில் இரண்டு கிழமைக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்த காணொளி வெளிவந்து நாடே கொதித்தது. இரண்டு வயதுக்குக் கீழே முள்ளந்தண்டைத் திருப்பக்கூடாது என்று தடை வந்தது. 2023 இல் சபை அதை விலக்கியது. 2024 இல் சுகாதார அமைச்சர்கள் சத்தம் போட்டபிறகு திரும்பவும் தடை. பதிவு என்பது முறைப்பாடு செய்ய ஒரு கதவு. சொல்வதெல்லாம் உண்மை என்பதற்குச் சீட்டு இல்லை.

ஊர்ப் பரியாரியை நினைத்துக்கொண்டேன். எண்ணெய் போட்டு, பத்துப் போட்டுக் கட்டுவார். வெற்றிலையில் வைத்ததை வாங்குவார். இருபத்துநாலு தடவைக்கு முற்காசு கேட்டதில்லை. அதற்காக அவரைத் தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன். என்னோடு படித்த ஒருவனின் முழங்கை அந்தக் கட்டோடேயே வளைந்து நின்றுவிட்டது.

கடைசியில் இன்னொரு ஜீ.பீ. ஒரு வயதான அம்மா. கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன வேலை செய்கிறாய்?" ஒரு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அதைக் கேட்டார். தகடு பிடிக்கிற மாதிரிச் செய்து காட்டினேன். ஸ்கானில் நாண் பாதி கிழிந்திருந்தது. என்னோடு வீட்டில் இருக்கிற அண்ணைக்கும் தோள் இறுகிப்போய்க் கிடந்தது. அவரையும் அதே கைரோவிடம் நான்தான் அனுப்பியிருந்தேன். இந்த அம்மா அவருக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார். நீரிழிவு. நீரிழிவுக்காரருக்கு மூட்டு உறை தடித்துத் தோள் உறைந்துபோவது மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட. எங்கள் சனத்தில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது? அவருக்கும் முள்ளந்தண்டுக்குச் சிவப்புக் கோடுதான் கீறியிருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம்.

அந்த அம்மாதான் வேர்க் கவர் படிவத்தைப் பற்றிச் சொன்னார். முதலாளியிடம் கொண்டுபோனேன். முகம் மாறிவிட்டது. "இருநூறு டொலர் தந்தனான் எல்லோ? பிரிமியம் கூடும் தம்பி. நாங்கள் தமிழாக்கள் எங்களுக்குள்ள இப்பிடிச் செய்யலாமே?" அப்போதுதான் அந்த இருநூறின் கணக்கு விளங்கியது. என் தோளைக் கழுத்தின் பிழை ஆக்கினால் அது என் உடம்பு, என் காசு. கொத்துத் தகட்டின் பிழை ஆக்கினால் அது அவருடைய கடை. அந்தக் கைரோவுக்கு இது தெரிந்திருக்காது. அவர் என் வேலையைக் கேட்கவே இல்லையே.

ஆகவே கடைகளில் நிற்கிற தம்பிமாருக்குச் சொல்கிறேன். விக்டோரியாவில் முதலாளியின் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலையால் வந்தது என்றால் போதும். தெரிந்து 30 நாளுக்குள் எழுத்தில் அறிவியுங்கள். முதல் சான்றிதழ் டொக்டரிடம் எடுக்கவேண்டும், கைரோ தருவது செல்லாது. ஏற்றுக்கொண்டு, வேலை செய்ய இயலாமல் இருந்தால் முதல் 13 கிழமைக்கு உழைப்பில் 95 வீதம், பிறகு 80. கையில் காசு வாங்கினாலும் வேலையாள் வேலையாள்தான், ஆனால் வேலை செய்த நாட்களை எங்காவது குறித்து வையுங்கள். விசாவைப் பார்த்து இந்தச் சட்டம் ஆளைத் தள்ளுவதில்லை. 2012 இல் படகில் வந்து 2023 இற்குப் பிறகு நிரந்தர விசா எடுத்தவன் நான். அந்தப் பதினொரு வருடமும் படிவம் என்றாலே நடுங்கினேன், அந்தப் பயம் எனக்குத் தெரியும். சிட்னியில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு, ஆனால் அங்கேயும் இதே உரிமை இருக்கிறது.

என் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பிசியோ தந்த ரப்பர் பட்டியை நாளுக்கு மூன்று தரம் இழுக்கிறேன். கல்லில் இப்போது வேறு பெடியன் நிற்கிறான், மாணவர் விசா, இருபத்திரண்டு வயது. நேற்று கடைப் பக்கம் போனபோது தகட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணை, இரவில கை விறைக்கிறது இந்த வேலைக்கு வழமையோ?"

படிவத்தில் இன்னொரு பிரதி வீட்டில் கிடக்கிறது. ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.