பந்து புதுசு... கர்சர் மட்டும் ஏன் மக்கர் பண்ணுது? | கேட்ஜெட் கிளினிக்

மவுஸை மல்லாக்கப் போட்டதுபோல இருக்கும் கருவிதான் டிராக்பால். கருவி மேசையில் ஒரே இடத்தில் இருக்கும். அதன் மேல் உள்ள பந்தை விரலால் உருட்டினால் திரையில் கர்சர் நகரும். கையை இங்கும் அங்கும் இழுக்க வேண்டியதில்லை. அதனால் மணிக்கட்டு வலி உள்ளவர்களும், கையை அதிகம் அசைக்க முடியாதவர்களும் இதைத் தேடி வாங்குகிறார்கள். சிலருக்கு இது இல்லையென்றால் கம்ப்யூட்டர் வேலையே ஓடாது.

அந்தப் பந்து குழிக்குள் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். சுத்தம் செய்ய எடுக்கும்போது உருண்டு எங்காவது போய்விடும். குழந்தைகள் கையில் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். 'பந்துதானே' என்று ஆன்லைனில் வேறொன்று வாங்கிப் போட்டால், கர்சர் நகர மறுக்கும் அல்லது தவளைபோலத் துள்ளும். 'கருவியே போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் வீட்டிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

சென்சார் பார்ப்பது எதை?

1952-ல் கனடா கடற்படையின் 'டேடார்' திட்டத்துக்காக உருவான டிராக்பாலில் பயன்படுத்தியது ஒரு பௌலிங் பந்து. கென்சிங்டன் 'எக்ஸ்பர்ட் மவுஸ்' டிராக்பாலின் பழைய மாடல்களில் பூல் விளையாட்டுப் பந்தைப் போட்டு ஓட்டியவர்களும் உண்டு. அவற்றில் பந்து உரசி, உள்ளே உருளைகள் சுற்றும். அளவு சரியாக இருந்தால் போதும், பந்து என்ன நிறம் என்பது விஷயமே இல்லை.

ஆப்டிக்கல் டிராக்பால் அப்படி இல்லை. உள்ளே ஒரு சின்ன விளக்கு பந்தின் மேல் ஒளியைப் பாய்ச்சுகிறது. பக்கத்தில் உள்ள சென்சார், குட்டி கேமராபோல நொடிக்கு ஆயிரம் படங்களுக்கு மேல் எடுத்து, ஒன்றை அடுத்ததோடு ஒப்பிட்டு, பந்து எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணக்குப் போடுகிறது. ஆக, மவுஸுக்கு மேசை எப்படியோ, டிராக்பாலுக்குப் பந்து அப்படி. கண்ணாடி மேசையில் சில மவுஸ்கள் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். பொருந்தாத பந்தைப் போட்டால் நடப்பதும் அதுதான்.

முதலில் இதைச் செய்யுங்கள்

வேறொரு மவுஸை கம்ப்யூட்டரில் இணைத்துப் பாருங்கள். அதுவும் திணறினால் பிரச்னை கம்ப்யூட்டரில். அது ஒழுங்காக ஓடினால், டிராக்பாலின் பேட்டரியை அல்லது வயரைச் சரிபாருங்கள்.

பழைய பந்து கையில் இருந்தால் வேலை சுலபம். அதை மறுபடி போடுங்கள். கர்சர் ஓடினால் கருவியில் கோளாறு இல்லை, புதுப் பந்துதான் பொருந்தவில்லை. அதுவும் ஓடவில்லை என்றால், குழிக்குள் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு: நூல் போதும்

லாஜிடெக் எம்570, எர்கோ எம்575 ஆகியவற்றின் பந்து 34 மி.மீ. விட்டம் கொண்டது. கென்சிங்டன் 'ஆர்பிட்' 40 மி.மீ., எலெகாம் 'டெஃப்ட் ப்ரோ' 44 மி.மீ., அதே நிறுவனத்தின் 'ஹ்யூஜ்' 52 மி.மீ., ஆப்டிக்கல் 'எக்ஸ்பர்ட் மவுஸ்' 55 மி.மீ. அமெரிக்க பூல் பந்து 57 மி.மீ.க்குச் சற்று மேல். ஆகவே, 'பூல் பந்து போதும்' என்ற பழைய யோசனை இங்கே எடுபடாது.

பந்தை ஸ்கேலில் வைத்து அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறிவிடும். பந்தின் நடுவே நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை 3.14-ஆல் வகுங்கள். 34 மி.மீ. பந்துக்கு நூல் சுமார் 107 மி.மீ. வரும், 40 மி.மீ. பந்துக்கு சுமார் 126. விட்டத்தில் 1 மி.மீ. வித்தியாசம் நூலில் 3 மி.மீ.க்கு மேல் தெரியும் என்பதால் தப்பு நடக்காது.

பந்து பெரிதாக இருந்தால் குழியில் உயர்ந்து நிற்கும். சென்சாரின் பார்வை மங்கிவிடும். மவுஸை மேசையிலிருந்து லேசாகத் தூக்கினால் கர்சர் நின்றுவிடுகிறதே, அதே கதை. சிறிதாக இருந்தால் உள்ளே இறங்கி உரசும்.

பளபளப்பு மட்டும் போதாது

அளவு சரி, பந்தும் வழுக்கிக்கொண்டு சுழல்கிறது, ஆனால் கர்சர் அசையவில்லையா? பந்தின் மேற்பரப்பைப் பாருங்கள். லாஜிடெக் 'டிராக்மேன் மார்பிள்' பந்தில் சிவப்பின் மேல் கறுப்புப் புள்ளிகள் இருப்பது அழகுக்காக அல்ல; நகர்வை சென்சார் அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. வேறு சில பந்துகளில் மினுமினுப்புத் துகள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஒரே நிறத்தில் வழவழவென்று இருக்கும் பந்தில் ஒப்பிட எதுவும் இல்லாமல் சென்சார் குழம்பிப்போகும். மார்க்கர் பேனாவால் புள்ளி வைப்பதும் நிலைக்காது. விரல் பட்டு அழிந்து, அந்த மை குழிக்குள்தான் சேரும்.

கர்சர் அவ்வப்போது துள்ளினால் ஒரு சோதனை. பந்தை மெதுவாக ஒரே திசையில் உருட்டுங்கள். பந்தின் ஒரே இடம் வரும்போது மட்டும் துள்ளினால், அந்த இடத்தில் கீறலோ கறையோ இருக்கலாம். எங்கே வேண்டுமானாலும் துள்ளினால், சென்சார் மேல் தூசி இருக்கலாம்.

மூன்று குட்டிக் குண்டுகள்

பந்து ஒட்டி ஒட்டி நகர்ந்தால் குழிக்குள் பாருங்கள். பந்தைத் தாங்க அங்கே பொதுவாக மூன்று சின்னக் குண்டுகள் இருக்கும். விரல் அழுக்கும் தூசியும் சேர்ந்து அவற்றைச் சுற்றித் திட்டாகப் படியும்.

* கருவியை ஆஃப் செய்து, வயரைக் கழற்றுங்கள். சென்சார் விளக்கை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம்.
* பந்தை எடுங்கள். சில மாடல்களில் அடியில் உள்ள ஓட்டை வழியாகப் பென்சிலால் தள்ள வேண்டும்.
* குண்டுகளையும் சென்சார் ஜன்னலையும் பட்ஸால் மெதுவாகத் துடையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.
* பந்தை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

புத்தம்புதிய பந்து முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நெற்றியைத் தடவிய விரலால் பந்தைத் தேய்ப்பது டிராக்பால்காரர்களின் பழைய வித்தை. அந்த லேசான எண்ணெய்ப்பசை போதும். தேங்காய் எண்ணெய் போன்றவற்றைத் தடவினால் தூசி ஒட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வீட்டில் குட்டீஸ் இருக்கிறார்களா?

அமெரிக்காவில் 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைப் பந்து, 44.4 மி.மீ. துளை வழியாக நுழைந்துவிடக் கூடாது என்பது விதி. தொண்டையில் சிக்கும் ஆபத்துதான் காரணம். 34, 40, 44 மி.மீ. டிராக்பால் பந்துகள் எல்லாமே அந்தத் துளையில் நுழையக்கூடியவை. பழைய பந்தை விளையாடக் கொடுக்காதீர்கள். கழற்றிய பந்தை மேசையில் அப்படியே விட்டுவிட்டும் போகாதீர்கள்.

புதுப் பந்து வாங்கும்போது விற்பவரிடம் இரண்டே கேள்விகள்: 'விட்டம் எத்தனை மில்லிமீட்டர்?', 'என் மாடலுக்குப் பொருந்தும் என்று பட்டியலில் இருக்கிறதா?' இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் ஆர்டர் போடுங்கள். பந்து வந்ததும், கவரைக் கிழிக்கும் முன் ரிட்டர்ன் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.