கூட்டுக்குள்ளே குடுமிப்பிடி

மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் நமது மேசைமீது கிடக்கிறது. அவர் வீட்டில் ஆண் கினிப் பன்றிகள் இரண்டு வளர்கின்றன. குட்டிப் பருவந்தொட்டு ஒரே கூட்டில் ஒன்றாய் உண்டு, ஒன்றாய் உறங்கியவை. ஐந்து மாதம் ஆனதும் ஒன்றையொன்று துரத்துவதும் உறுமுவதுமாய் வீடு அமளிப்படுகிறதாம். "வேறு வேறு கூட்டில் விட்டுவிடு" என்கிறார் தகப்பனார். மாணவருக்கோ மனம் ஒப்பவில்லை. யார் சொல்வது சரி என்று நம்மைக் கேட்கிறார்.

நாம் மாணவர் பக்கமே சாய்கிறோம். ஆயினும் தகப்பனார் சொல்லை முற்றிலும் பிழையென்று தள்ளுவதற்கில்லை.

கினிப் பன்றி என்னும் பெயரே ஒரு வேடிக்கை. அது பன்றியுமன்று, கினி தேசத்ததுமன்று. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டார் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வளர்க்கத் தொடங்கிய கொறிபிராணி அது. கூடி வாழ்வதே அதன் சுபாவம். தனிமையில் அது வாடும். இதனாலன்றோ சுவிற்சர்லாந்திலே, 2008 ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகள் ஒற்றைக் கினிப் பன்றி வளர்ப்பதைத் தடுத்துள்ளன! அற்பச் சச்சரவுக்கெல்லாம் பிரித்துவைத்தால், மீண்டும் சேர்க்கும்போது பகை முன்னிலும் முற்றுவதுண்டு.

ஏறக்குறைய மூன்று மாதம் முதல் ஓராண்டு கடக்கும்வரை இப்பிராணிக்கு வாலிபப் பருவம். இருவரில் பெரியவன் யார் என்ற வழக்கு அப்போதுதான் எழும். அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு பின்புறத்தை அசைத்து நடத்தல், மேலே ஏறுதல், முகவாயை உயர்த்திக் காட்டுதல், சற்றுத் துரத்துதல் ஆகிய யாவும் அவ்வழக்கின் வாதங்களே. ஒன்று பணிந்து விலகுமாயின் தீர்ப்பாகிவிட்டது, நாம் குறுக்கிடலாகாது. பற்களை நறநறவென்று கடித்து, பிடரி மயிர் சிலிர்த்து, எதிரெதிரே நிற்குமாயின் கவனம் வேண்டும். இரண்டும் பந்துபோல் உருண்டு கடித்து, இரத்தம் கண்டுவிட்டால் வழக்கு முடிந்தது. அப்போது பிரித்தேயாக வேண்டும்.

பிரிக்கும்போது வெறுங்கையை நடுவே நீட்டாதீர்கள். அந்தப் பற்கள் ஆளைப் பாரா. தடித்த துவாயை மேலே போட்டோ, அட்டைத் துண்டொன்றை இடையில் செருகியோ விலக்குங்கள். கடிகாயம் சிறிதாயினும் உள்ளே சீழ் கட்டக்கூடும். மிருக வைத்தியரிடம் காட்டுவதே முறை. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பெனிசிலின் குளிசையைக் கரைத்துக் கொடுக்க எண்ணுவோரும் உளர். அது இப்பிராணிக்கு நஞ்சு, உயிரையே வாங்கிவிடும். இரை தின்னாது ஒரு நாள் கிடந்தாலும் ஆபத்தே.

காயப்பட்டவற்றையும் கண்காணாத் தொலைவில் வைக்க வேண்டியதில்லை. இடையே கம்பிவலை கட்டி அயலயலே விட்டால், கண்டும் மோந்தும் துணையாயிருக்கும். ஒரே கூட்டில் இனி ஒருபோதும் ஒவ்வாத இணைகளுக்கு அதுவே நிரந்தர வாழ்வாகவும் அமையலாம். மூன்றாவது ஆணொன்றைக் கொணர்ந்து சமாதானம் செய்விக்க நினைப்பது வீண். பெண்ணொன்றை அருகில் வைப்பதோ எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

இதுவரை ஒற்றுமையாயிருந்த வளர்ந்த பிராணி திடீரெனச் சினங்கொள்ளின், அதற்கு எங்கேனும் நோவு உண்டோ என்று பாருங்கள். பல் நோவும் சிறுநீர்க் கல்லும் சாதுவையும் முரடனாக்கும்.

இனி மாணவரின் கடிதத்துக்கு வருவோம். உறுமலும் துரத்தலும் எழுதியிருக்கிறார். இரத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கூடு மூன்றடி நீளம், இரண்டடி அகலம் என்கிறார். தண்ணீர்ப் போத்தல் ஒன்று, இரைத்தட்டு ஒன்று, ஒளிந்துகொள்ளப் பெட்டி ஒன்று. நோய் அங்கேதான் இருக்கிறது. இரண்டு ஆண்களுக்கு 8 சதுர அடிக்குக் குறையாத தளம் வேண்டும். 10 ஆயின் மிக நன்று. எல்லாம் இரண்டிரண்டாய், ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கட்டும். பெட்டிக்கு இரு வாசல் வெட்டுங்கள். ஒரு வாசலாயின் எளியது மூலையில் அகப்பட்டுக்கொள்ளும். புல்லையும் இரண்டு மூன்று இடங்களில் பரப்புங்கள்.

தகப்பனாரிடம் மாணவர் கேட்க வேண்டியது ஒன்றே. இரண்டாவது கூட்டுக்கென ஒதுக்கிய பணத்தில் முதற் கூட்டைப் பெருப்பித்துத் தரும்படி கேட்கட்டும்.