பேச்சைக் கேட்போம், கணக்கையும் கேட்போம்

புனே சொற்பொழிவுகளுக்குப் பேர்போன நகரம். கோடைதோறும் அறிஞர்களை மேடையேற்றும் வசந்த வியாக்கியான மாலையை மகாதேவ கோவிந்த ரானடே 1875-இல் இங்கே தொடங்கிவைத்தார். இங்கிலாந்துப் பாடப்புத்தகப் பொருளாதாரத்தை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது என்று அவர் 1892-இல் வாதிட்டதும் இந்நகரின் தக்காணக் கல்லூரியில்தான். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கூட்டாட்சித் திட்டத்தை டாக்டர் அம்பேத்கர் 1939 ஜனவரி 29 அன்று கோகலே மண்டபத்தில் பிய்த்துப் பிய்த்து ஆராய்ந்தார். 1943 ஜனவரி 18 அன்று ரானடே பிறந்தநாள் உரையில், கடமையாக இருந்த பத்திரிகைத் தொழில் வியாபாரமாகிவிட்டதே என்று சாடினார்.

பொருளாதாரம், அரசாங்கச் சீர்திருத்தம், பத்திரிகை ஆகிய மூன்றும் நம்மை நேராகத் தொடும் விஷயங்கள். ஆனால் அந்த மண்டபங்களில் நாம் இருக்கிறோமா? நகரின் மேற்கு எல்லையில், ஹிஞ்சேவாடியில், கான்கிரீட் போடுகிறோம், கேண்டீனில் சமைக்கிறோம், வாசலில் காவல் நிற்கிறோம், வண்டி ஓட்டுகிறோம். கூட்டத்தின் செய்தி நமக்கு வந்து சேர்வதில்லை. வந்தாலும் ஷிப்டு விடுவதில்லை, மொழி புரிவதில்லை. 'அது படித்தவர்கள் பேச்சு, நமக்கென்ன' என்று இருந்துவிடுகிறோம்.

நமக்கென்ன என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 29 பழைய சட்டங்கள் அவற்றில் அடங்கின. அவற்றுள் ஒன்று, நம்மைப் போல மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்களுக்கென்றே 1979-இல் இயற்றப்பட்ட சட்டம். அந்தச் சட்டம் காண்டிராக்டர் மூலம் வந்தவரை மட்டுமே கணக்கில் எடுத்தது. புதிய தொகுப்போ, தானாக ரயிலேறி வந்து வேலை தேடிக்கொண்டவரையும் சேர்க்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஊர் போய்வரப் பயணப்படியும் உண்டு என்கிறது. இது வரவு.

செலவும் உண்டு. முன்பு ஐந்து வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தாலே சட்டம் அந்த இடத்தில் செல்லும். இப்போது பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேரை வைத்து வேலை வாங்கும் சின்னக் காண்டிராக்டரிடம் இருப்பவர் எங்கே போவார்? மேடையில் 'சீர்திருத்தம்' என்ற ஒரே சொல்லில் இந்த வரவும் செலவும் மறைந்துபோகின்றன. ஐந்து ஏன் பத்தாயிற்று என்று எழுந்து கேட்க வேண்டியவர், அந்த ஒன்பது பேரில் ஒருவர் அல்லவா?

கூலிக்காரன் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்கள் ராஜஸ்தானைப் பார்க்கட்டும். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் மக்கள் விசாரணை நடத்தியது. அரசாங்க வேலைகளின் மஸ்டர் ரோலை ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. அங்கே பேச்சாளர்கள் பேராசிரியர்களல்ல, கூலி வாங்க வேண்டியவர்கள். அத்தகைய கூட்டங்களிலிருந்து வளர்ந்த இயக்கமே 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பெரும் உந்துதலாயிற்று. தமிழ்நாடு 1997-லேயே இப்படியொரு சட்டம் இயற்றிய மாநிலம் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

பத்திரிகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டம் முடிந்த மறுநாள் மாலையும் சால்வையும் படமாக வரும். சபையில் எழுந்த கேள்வி பெரும்பாலும் வராது. அம்பேத்கர் குறைசொன்னதோடு நிற்கவில்லை. 1920-லேயே 'மூக்நாயக்' என்று, வாயற்றவர்களின் தலைவன் என்ற பொருளில், சொந்தமாகப் பத்திரிகை நடத்திக் காட்டியவர் அவர். நம் மாத இதழ் சின்னஞ்சிறியதுதான்; ஆயினும் அந்த வழியில் நடக்க அதனால் முடியும்.

ஆகவே தோழர்களுக்கும் தாய்மார்களுக்கும் நாம் சொல்வது இதுதான். கூட்டத்துக்குத் தனியாகப் போகவேண்டாம், நான்கு பேராகப் போங்கள். அவர்களில் ஒருவர் மராத்தியோ இந்தியோ அறிந்தவராக இருக்கட்டும். வீட்டுச் செலவைக் கணக்குப் பார்க்கும் பெண்கள் கட்டாயம் வரட்டும். விலைவாசியைப் பற்றிப் பேச அவர்களைவிடத் தகுதியுள்ளவர் யார்? கேள்வியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி, அதில் ஒரு கணக்கு போதும்: எத்தனை மணி வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம்.

கூட்டம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலையில் நடத்துங்கள். ஹிஞ்சேவாடிக்கும் வந்து நடத்துங்கள். முடிவில் கால்மணி நேரம் இந்தியில் சுருக்கம் சொல்லுங்கள். இந்தப் பகுதியைக் கட்டியவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பது உங்கள் பேச்சுக்கும் நல்லது.

நீங்கள் கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் எழுதி அனுப்புங்கள், வெளியிடுவோம். பதில் கிடைக்காவிட்டால் அதையும் வெளியிடுவோம். கைதட்டுவதற்கு மட்டும் கூட்டத்துக்குப் போன காலம் போகட்டும்.